நியூசிலாந்தின் மேற்குக் கரையில் மோட்டார்ஹோம் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறைஸ்ட்சர்ச்சில் வசிக்கும் என்னிடம், ஊரிலிருந்து வரும் உறவினர்களும் சிட்னி, மெல்பர்ன் நண்பர்களும் பயணத்துக்கு முன் ஒரே விதமான சந்தேகங்களையே கேட்கிறார்கள். அவற்றை எளியவை முதல் சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன். தென்தீவின் மேற்குக் கரை, அதாவது வெஸ்ட்போர்ட்டிலிருந்து ஹாஸ்ட் வரை டாஸ்மன் கடலை ஒட்டிச் செல்லும் 6ஆம் எண் நெடுஞ்சாலையும் அதன் கிளைகளுமே இந்தப் பக்கத்தின் எல்லை. இந்தக் கரையில் எங்கே இரவு தங்குவது என்பதை அழகைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. வண்டியின் கழிவுத் தொட்டியும் அன்றைய வானிலையும்தான் பெரும்பாலும் அதை முடிவு செய்கின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த உண்மையைச் சுற்றியே வரும்.

கேம்பர்வேன், மோட்டார்ஹோம் இரண்டும் ஒன்றுதானே? நாங்கள் நான்கு பேர், எதை எடுப்பது?

பேச்சு வழக்கில் இரண்டையும் கலந்தே சொல்கிறார்கள். வாடகை நிறுவனங்கள் பொதுவாக, வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் பொருத்திய சிறு வண்டியைக் கேம்பர்வேன் என்றும், நின்று நடக்க உயரமும் தனிக் கழிவறையும் குளியலறையும் கொண்ட பெரிய வண்டியை மோட்டார்ஹோம் என்றும் விற்கின்றன. நான்கு பேர் என்றால் ஆறு பேர் படுக்கக்கூடிய வண்டியை எடுப்பது நல்லது. மேற்குக் கரையில் மழை பெய்யும் நாளில் நால்வரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க நேரும். பகலில் விரித்தபடியே விடக்கூடிய ஒரு படுக்கை அப்போது பெரிய ஆறுதல்.

படுக்கைகளின் எண்ணிக்கையைப் போலவே சீட் பெல்ட் உள்ள இருக்கைகளின் எண்ணிக்கையையும் கேளுங்கள். வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் படுத்திருக்கக் கூடாது. ஏழு வயது நிரம்பாத குழந்தைக்கு அங்கீகரிக்கப்பட்ட குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம். அது எந்த இருக்கையில் பொருந்தும் என்பதையும் முன்பதிவின்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கார் லைசென்ஸ் போதுமா, லாரி லைசென்ஸ் மாதிரி ஏதாவது வேண்டுமா?

போதும். நியூசிலாந்தில் சாதாரண கார் உரிமத்திலேயே 6000 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம். வாடகை மோட்டார்ஹோம்கள் அதற்குள் அடங்கிவிடும். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ உடன் இருக்க வேண்டும். நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் அந்த வகையில் தடுமாற்றம் இராது.

திறந்த சாலையில் பொது வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. என்றாலும், 3500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு அது 90 மட்டுமே. உங்கள் வண்டி எந்த வகை என்பதை எடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால், அகலமான ஓரம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுவது இந்த நாட்டுச் சாலைப் பண்பாடு. உள்ளூர்க்காரர்கள் சுற்றுலா வண்டிகளைப் பற்றி வருத்தப்படுவது பெரும்பாலும் இது நடக்காதபோதுதான்.

எந்த வழியாகப் போவது, எத்தனை நாள் ஒதுக்குவது?

கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, லூயிஸ் கணவாய் வழியாக வெஸ்ட்போர்ட் சென்று, கரையோரமாகத் தெற்கே இறங்கி ஹாஸ்ட் வந்து, ஹாஸ்ட் கணவாய் ஏறி வானகா வழியாகத் திரும்பும் வளையத்தையே நான் பரிந்துரைக்கிறேன். மொத்தம் ஏறக்குறைய 1300 கி.மீ. வரும். ஏழு நாளில் முடிக்கலாம். பத்து நாள் இருந்தால் ஒரு மழை நாளை எந்தப் பதற்றமும் இன்றி ஓரிடத்திலேயே கழிக்க முடியும். வடதீவிலிருந்து வருபவர்கள் வெலிங்டனில் கப்பல் ஏறி மூன்றரை மணி நேரத்தில் பிக்டன் வந்து சேரலாம். கப்பலில் ஏற்றும் முன் வண்டியின் எரிவாயு உருளையை மூடிவிட வேண்டும்.

ஆர்தர்ஸ் கணவாய் (920 மீட்டர்) வழி குறுகிய தூரம்தான். ஆனால், முதல் முறையாகப் பெரிய வண்டி ஓட்டுபவருக்கு அதன் ஓடிரா பக்கத்துச் செங்குத்துச் சரிவு கடினம். ஹாஸ்ட் கணவாய் 564 மீட்டர் உயரமே உடையது. அந்தச் சாலை கரையோரப் பகுதியுடன் இணைந்ததே 1965இல்தான். அதற்கு முன் தெற்கு மேற்குக் கரையை முழுதாகச் சாலை வழியே கடக்க வழியில்லை. ஊர்கள் இன்றும் இவ்வளவு இடைவெளி விட்டு அமைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டிசம்பர் லீவில் வந்தால் வெயில் நன்றாக இருக்குமா?

கோடைக்காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆனால் இந்தக் கரையில் கோடையிலும் மழை உண்டு. டாஸ்மன் கடலிலிருந்து ஈரத்தோடு வரும் வடமேற்குக் காற்றைத் தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் தடுத்து நிறுத்துவதால், ஹோக்கிடிகாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2900 மி.மீ. மழை கொட்டுகிறது, மலைக்கு மறுபக்கம் உள்ள கிறைஸ்ட்சர்ச்சில் 600 மி.மீ. அளவே. பெரணி மரங்கள் செழித்த காடு சாலை வரை இறங்கி நிற்பதும், பனிப்பாறைகள் கடலுக்கு இவ்வளவு அருகே வந்ததும் அந்த மழையின் கொடைதான்.

கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி இறுதி வரை பள்ளி விடுமுறை. முகாம் பூங்காக்கள் முன்பே நிரம்பிவிடும். தேர்வு என் கையில் இருந்தால் பிப்ரவரி பிற்பகுதியையும் மார்ச் மாதத்தையும் எடுப்பேன். குளிரைப் பொறுக்க முடிந்தவர்களுக்கு ஜூலையும் நல்ல மாதமே: குளிர்காலத்தில் இந்தக் கரையில் தெளிந்த வானமுள்ள நாள்கள் பல வாய்க்கும், கணவாய்களில் மட்டும் பனியையும் உறைந்த சாலையையும் கவனிக்க வேண்டும்.

கடற்கரையைப் பார்த்தபடி எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கலாம் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. பணம் கட்டும் முகாமுக்கு வெளியே, பொது நிலத்தில் இலவசமாக இரவு தங்குவதை இங்கே ஃப்ரீடம் கேம்பிங் என்கிறார்கள். அதை 2011ஆம் ஆண்டின் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. வண்டி செல்லக்கூடிய இடத்திலிருந்தோ கடலின் தாழ்நீர்க் கோட்டிலிருந்தோ 200 மீட்டருக்குள் தங்குவது இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். ஆகவே, கடற்கரையில் நிறுத்தும் எந்த வண்டியும் அநேகமாக இதற்கு உட்பட்டதே.

மேற்குக் கரையில் புல்லர், கிரே, வெஸ்ட்லண்ட் என மூன்று மாவட்ட மன்றங்கள் உள்ளன. எந்த இடத்தில் தங்கலாம், எத்தனை இரவு, எத்தனை வண்டி என்பவை மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் நிலத்துக்கு வேறு விதிகள். எனவே ஒவ்வொரு மாவட்டத்துக்குள் நுழையும்போதும் அந்த மன்றத்தின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். கேம்பர்மேட் போன்ற செயலிகள் உதவும், ஆனால் செயலி சொன்னதற்கும் அங்குள்ள பலகை சொல்வதற்கும் முரண்பாடு இருந்தால் பலகையையே நம்புங்கள். விதியை மீறினால் அபராதம் 400 நியூசிலாந்து டாலரில் தொடங்குகிறது. கழிவைக் கொட்டுவது போன்றவற்றுக்கு இன்னும் அதிகம்.

பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வண்டி வேண்டும் என்று சொன்னார்கள். அது எதற்கு?

மூன்று நாள்களுக்குத் தேவையான நல்ல தண்ணீரையும், அந்த மூன்று நாள்களில் உண்டாகும் கழிவையும் வெளியே ஒரு சொட்டும் விடாமல் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளக்கூடிய வண்டி என்பதற்கான சான்று அது. 2023இல் சட்டம் திருத்தப்பட்டபின், கழிவறை வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கட்டிலுக்கடியில் வைக்கும் கையடக்கக் கழிவறைகளை இனி ஏற்பதில்லை. மாவட்ட மன்ற நிலத்தில் இலவசமாகத் தங்க, மன்றம் விலக்கு அளித்த இடங்கள் தவிர, இந்தச் சான்று வேண்டும்.

மலிவு வாடகைக்குக் கிடைக்கும் சிறு வேன்கள் பலவற்றில் இது இருக்காது. அவற்றை எடுப்பதில் தவறில்லை. ஒவ்வொரு இரவும் முகாமில்தான் தங்க வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும்.

கழிவறைப் பெட்டியை நாமேதான் காலி செய்ய வேண்டுமா?

ஆம். பலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது; உண்மையில் ஐந்து நிமிட வேலை. வண்டியின் வெளிப்புறச் சிறு கதவைத் திறந்தால், சக்கரமும் கைப்பிடியும் கொண்ட பெட்டி வெளியே வரும். பெரும்பாலான வண்டிகளில் அது 20 லிட்டருக்குள் கொள்ளும். டம்ப் ஸ்டேஷன் எனப்படும் கழிவு கொட்டுமிடத்துக்கு எடுத்துச் சென்று, பெட்டிக் குழாயின் மூடியைக் கழற்றி ஊற்றி, அங்கே இருக்கும் அலசும் தண்ணீரால் இரண்டு முறை அலசி, மருந்தையும் கொஞ்சம் தண்ணீரையும் சேர்த்துத் திரும்பப் பொருத்திவிடலாம். ஒரு ஜோடி ரப்பர் கையுறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அலசும் குழாயும் குடிநீர்க் குழாயும் வேறு வேறு, பலகையில் எழுதியிருக்கும். குடிநீர் நிரப்பும் குழாயை ஒருபோதும் கழிவுப் பெட்டிக்குள் விடக் கூடாது. பொதுக் கழிவறையில் கொட்டுவதும் கூடாது: பெட்டியில் ஊற்றும் மருந்து, ஊருக்கு ஒதுக்குப்புறமாகச் சிறு மலக்குழித் தொட்டியோடு இயங்கும் கழிவறைகளில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வெஸ்ட்போர்ட், கிரேமவுத், ஹோக்கிடிகா போன்ற ஊர்களில் டம்ப் ஸ்டேஷன்கள் உண்டு. தெற்கே போகப் போக அவை அரிதாகும். ஆகவே ஹோக்கிடிகாவை விட்டுக் கிளம்பும்போது பெட்டி பாதிதான் நிரம்பியிருந்தாலும் காலி செய்துவிடுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீர்தானே, மண்ணில் விட்டால் என்ன?

அதற்கும் தனித் தொட்டி உண்டு. அதையும் டம்ப் ஸ்டேஷனில்தான் விட வேண்டும். சோப்பும் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் கலந்த தண்ணீர், எலிகளையும் ஸ்டோட் என்னும் கீரி போன்ற விலங்குகளையும் இழுக்கும். அவைதான் தரையில் கூடு கட்டும் இந்நாட்டுப் பறவைகளின் முட்டைகளைத் தின்று தீர்ப்பவை. ஒரு வண்டியின் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று தோன்றலாம். கோடையில் அதே இடத்தில் ஒவ்வோர் இரவும் ஒரு வண்டி நிற்கிறது.

இந்தக் கரை கழிவின் விலையைக் கண்ணால் கண்ட கரை. 2019 மார்ச் மாதப் பெருமழையில் ஃபாக்ஸ் ஆறு, தன் கரையில் இருந்த பழைய குப்பைக் கிடங்கை அரித்துக் கடலில் சேர்த்தது. நெகிழித் துண்டுகள் பல கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரைகளில் ஒதுங்கின. நாடெங்கிலுமிருந்து வந்த தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் கையால் பொறுக்கினார்கள். அந்தக் கடற்கரைகளின் ஓரத்தில்தான் நாம் வண்டியை நிறுத்துகிறோம்.

ரைஸ் குக்கர், மிக்ஸி எல்லாம் வண்டியில் ஓடுமா?

வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு: ஒன்று இன்ஜினுக்கு, மற்றொன்று வீட்டுப் பகுதிக்கு. விளக்கு, தண்ணீர் பம்பு, குளிர்பெட்டி, போன் சார்ஜர் ஆகியவை வீட்டு பேட்டரியில் ஓடும். ரைஸ் குக்கர், மிக்ஸி, மைக்ரோவேவ் போன்றவை முகாமில் மின் இணைப்புள்ள இடமான பவர் சைட்டில் வண்டியைச் செருகியபின்தான் ஓடும். மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால் நம் ஊர்க் கருவிகள் ஒத்துப்போகும். ப்ளக்கின் வடிவம் வேறு என்பதால் அடாப்டர் வேண்டும்.

எரிவாயு அடுப்பும் ஒரு சிறு பிரஷர் குக்கரும் இருந்தால் மின்சாரம் இல்லாத இரவிலும் சாதமும் சாம்பாரும் தயார். சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து விடுவது உயிருக்கே ஆபத்து. மூடிய வண்டியில் கார்பன் மோனாக்சைடு மணமின்றிச் சேரும்.

ஊறுகாய், பொடி, கறிவேப்பிலை கொண்டு வரலாமா?

எந்த உணவுப் பொருளானாலும் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் அனுமதிப்பதா, எடுத்துக்கொள்வதா என்பதை அதிகாரி முடிவு செய்வார். அறிவிக்காமல் கொண்டுவந்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையையும் தேனையும் கொண்டுவரவே வேண்டாம். கிறைஸ்ட்சர்ச்சின் இந்தியக் கடைகளில் அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் கிடைக்கும். கரைக்குப் போனபின் கிடைப்பது கடினம் என்பதால், கிளம்பும் அன்றே முழுப் பயணத்துக்கும் வாங்கிவிடுங்கள்.

சரி, கடல் பக்கத்தில் தங்க நல்ல இடங்களைச் சொல்லுங்கள்.

வடக்கிலிருந்து தொடங்குகிறேன். நேரம் இருப்பவர்கள் வெஸ்ட்போர்ட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளியுள்ள கரமேயாவுக்கும், அதைத் தாண்டிச் சாலை முடியும் இடத்தில் உள்ள கோஹாய்ஹாய் முகாமுக்கும் செல்ல வேண்டும். இது இயற்கைப் பாதுகாப்புத் துறை நாடு முழுவதும் நடத்தும் இருநூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஒன்று. ஆறு கடலில் கலக்கும் முனையில், நிக்காவு பனைகளின் நடுவே அமைந்தது. ஹீஃபி என்னும் நெடுந்தூர நடைபாதையின் தெற்கு முனை இங்கேதான். ஒரு மணி நேரம் நடந்து திரும்பினாலே போதும், மனம் நிறைந்துவிடும். வெக்கா என்னும் பறக்காத பறவை வாசலில் விட்ட செருப்பைத் தூக்கிச் செல்லும். எல்லாவற்றையும் உள்ளே வையுங்கள்.

வெஸ்ட்போர்ட் அருகே டௌரங்கா வளைகுடாவில் கடல்நாய்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கிரேமவுத் வரையான ஏறக்குறைய 100 கி.மீ. கரைச்சாலையில் இறங்குங்கள். நடுவே புனகாய்க்கி. அடுக்கடுக்கான சுண்ணாம்புப் பாறைகளின் துளைகள் வழியே கடல் பீச்சி அடிப்பதைக் காண, அலை ஏற்ற நேரத்தைப் பார்த்துப் போக வேண்டும். அங்கே கடற்கரையை ஒட்டி முகாம் பூங்கா உள்ளது. மழைக்காலத்துக்குப் பவர் சைட்டை எடுங்கள். வெஸ்ட்லண்ட் பெட்ரல் என்னும் கடற்பறவை உலகிலேயே இந்த வட்டாரத்தில் மட்டும்தான் குஞ்சு பொரிக்கிறது. இரவு வெளிச்சத்தில் அதன் குஞ்சுகள் திசை தடுமாறித் தரையில் விழுவதால், வண்டியின் வெளி விளக்குகளை அணைத்துவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒகாரிட்டோ. நெடுஞ்சாலையிலிருந்து 13 கி.மீ. உள்ளே, காயலுக்கும் கடலுக்கும் நடுவே சில வீடுகள் கொண்ட சிற்றூர். முகாமை ஊர் மக்களே நடத்துகிறார்கள். கோட்டுகு என்னும் வெண்கொக்கு இந்த நாட்டில் கூடு கட்டும் ஒரே இடம் அருகிலுள்ள வைட்டாங்கிரோட்டோ ஆற்றங்கரை. அவை இரை தேட வருவது இந்தக் காயலுக்கு. வானம் தெளிந்த மாலையில் பனி மூடிய ஆல்ப்ஸ் சிகரங்கள் காயலுக்குப் பின்னால் தெரியும். ஒரே ஓர் இரவு மட்டும் உபரியாக இருந்தால் அதை இங்கே செலவிடுங்கள்.

ஃபாக்ஸ் பனிப்பாறை ஊரிலிருந்து பிரியும் கில்லெஸ்பீஸ் கடற்கரையிலும் முகாம் உண்டு. ஆனால் வழி குறுகிய சரளைச் சாலை; பெரிய வண்டிக்கு ஏற்றதல்ல. வாடகை ஒப்பந்தங்களும் பொதுவாகத் தார் போடாத சாலைகளைத் தடை செய்கின்றன. கோஹாய்ஹாயின் கடைசிப் பகுதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் போங்கள். ஹோக்கிடிகாவுக்குத் தெற்கே இயாந்தி, ஃபாக்ஸுக்குத் தெற்கே பரிங்கா ஆகிய ஏரிக்கரை முகாம்கள் நெடுஞ்சாலையை ஒட்டியே உள்ளன. கடல் இல்லையென்றாலும் பொழுது சாய்ந்தபோது கைகொடுப்பவை.

கடிக்கும் பூச்சி ஒன்று இருக்கிறதாமே, குழந்தைகளோடு சமாளிக்க முடியுமா?

சாண்ட்ஃப்ளை என்னும் சிறு கறுப்பு ஈ. பெண் ஈ மட்டுமே கடிக்கும்; இந்த நாட்டில் அது எந்த நோயையும் பரப்புவதில்லை, ஆனால் அரிப்பு நாள்கணக்கில் நிற்கும். ஓடும் தண்ணீர் அருகே, காற்றில்லாத மப்பான பகலில், குறிப்பாகக் காலையும் மாலையும் மிகுதி. இருட்டியபின் பறக்காது, காற்று வீசினாலும் அடங்கிவிடும்.

எனவே நிழலான ஆற்றங்கரையைவிடக் காற்று வீசும் திறந்த கடற்கரை நல்ல இடம். வெளிர் நிற முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலுறை, பூச்சி விரட்டி ஆகியவை போதும். வண்டிக் கதவைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டு நிற்பதுதான் பெரிய தவறு; பிறகு உள்ளே அவற்றோடு இருக்க நேரும்.

ஒற்றைப் பாலம் வந்தால் யார் முதலில் போவது?

பாலத்துக்கு முன் பலகை இருக்கும். சிவப்பு வளையத்துக்குள் உங்கள் திசை அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால், எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக வெள்ளையில் இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. அப்போதும் பாலத்தில் ஏற்கெனவே ஒரு வண்டி இருந்தால் காத்திருங்கள். இந்தச் சாலையில் இத்தகைய பாலங்கள் ஏராளம்.

டீசலும் போன் சிக்னலும் வழியில் கிடைக்குமா?

ஃபாக்ஸ் ஊரிலும் ஹாஸ்டிலும் தொட்டியை நிரப்பிவிடுங்கள். இடையிலுள்ள ஏறக்குறைய 120 கி.மீ. தூரத்தில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அதே பகுதியில் சிக்னலும் நெடுந்தூரம் இராது. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டிக்கு, எரிபொருள் விலைக்கு வெளியே, ஓடிய கிலோமீட்டருக்கேற்பச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் உண்டு. வண்டியைத் திருப்பித் தரும்போது வாடகை நிறுவனம் அதை வசூலிக்கும்.

ராத்திரி தூக்கம் வந்துவிட்டது, ரோட்டோரம் நிறுத்திக் கொஞ்சம் படுத்தால் அதுவும் குற்றமா?

இல்லை. ஓட்டுநரின் களைப்பைத் தவிர்க்கச் சாலையோரம் நிறுத்தி ஓய்வெடுப்பதை, தூங்குவது உட்பட, சட்டமே ஃப்ரீடம் கேம்பிங் கணக்கில் சேர்க்கவில்லை. தூக்கம் கண்ணைச் சொருகினால் தயங்காமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். நாற்காலி போட்டு, சமைத்து, விடியும் வரை தங்கிவிட்டு இந்த விலக்கைச் சொன்னால் செல்லாது.

மழையில் சாலை மூடினால், நிலம் அதிர்ந்தால் என்ன செய்வது?

2019இல், மேலே சொன்ன அதே மழையில், ஃபிரான்ஸ் ஜோசப் ஊரின் வைஹோ பாலம் அடித்துச் செல்லப்பட்டு 18 நாள் கழித்துத்தான் மீண்டும் திறந்தது. இங்கே மாற்றுவழி என்பது மலையைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஆகவே தினமும் காலையில் நெடுஞ்சாலைத் துறையின் சாலை நிலவரத்தையும் கனமழை எச்சரிக்கையையும் பார்த்துவிட்டே கிளம்புங்கள். எச்சரிக்கை இருந்தால் ஊருள்ள இடத்தில் நின்றுவிடுங்கள். அதற்காகத்தான் ஓர் உபரி நாளை ஒதுக்கச் சொன்னேன்.

நிலநடுக்கம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நிற்க முடியாத அளவு பலமாக இருந்தாலோ, சைரனுக்குக் காத்திராமல் உடனே மேட்டு நிலத்துக்கு நடந்தே போய்விட வேண்டும். கரையோர முகாமில் சுனாமிக்கு நிமிடங்களே அவகாசம். வண்டியை நிறுத்தியதும் அருகில் மேடு எது என்று ஒரு முறை பார்த்துவையுங்கள். அவசர எண் 111. இந்தக் கடற்கரைகளில் நீரோட்டம் கடுமையானது, நீந்த வேண்டாம்.

கடற்கரையில் கிடக்கும் பச்சைக் கல்லை எடுத்துக்கொள்ளலாமா?

பௌனமு எனப்படும் அந்தக் கல்லின் உரிமை 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி ங்காய் தஹு என்னும் மாவோரி குல மக்களுடையது. மேற்குக் கரையின் கடற்கரைகளில், ஒரு நாளில் ஒருவர் கையால் சுமக்கும் அளவு பொறுக்கிக்கொள்ளப் பொதுமக்களை அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். ஆற்றுப்படுகைகளிலும் காட்டிலும் எடுக்கக் கூடாது.

தடை என்று பலகையே இல்லாத இடத்தில் நிறுத்தினோம், ஆனாலும் அபராதச் சீட்டு வந்தது. இது நியாயமா?

பலகை இல்லாதது அனுமதி ஆகாது. தடையை விதிப்பது மன்றத்தின் துணைவிதியும் அதனுடன் இணைந்த வரைபடமும்தான். வண்டியில் பச்சைச் சான்று இல்லாமல் மன்ற நிலத்தில் நின்றிருந்தாலும், முன்பு சொன்னபடி, பலகை தேவையின்றியே அது மீறல். வாடகை வண்டியானால் சீட்டு நிறுவனத்துக்குப் போய், உங்கள் அட்டையிலிருந்து அபராதத்தோடு நிர்வாகக் கட்டணமும் பிடிக்கப்படும்.

தவறாகப் போட்டதாக நீங்கள் நம்பினால், 28 நாள்களுக்குள் சீட்டு அனுப்பிய மன்றத்துக்கு எழுத்துமூலம் விளக்கம் அனுப்பலாம். நீதிமன்ற விசாரணையும் கோரலாம். நின்ற இடத்தின் படம், நேரம், வண்டியின் சான்று அட்டை, களைப்பால் நிறுத்தியதாக இருந்தால் அன்று எங்கிருந்து எங்கே ஓட்டினீர்கள் என்ற விவரம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஊருக்குத் திரும்பியபின் சீட்டு வந்தாலும் இந்த உரிமை உண்டு. எழுதும் முன் அந்த மன்றத்தின் வரைபடத்தைத் திறந்து, நின்ற இடம் உண்மையிலேயே தடைப் பகுதிக்குள் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.